அயனியா, ஐசோடோப்பா? கேள்வியே கொஞ்சம் தப்பு

2023 ஆகஸ்டில் ஜப்பான், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் தேக்கி வைத்திருந்த நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடத் தொடங்கியது. இங்கே சிங்கப்பூரில் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், அந்த நீரில் மிஞ்சியிருந்த டிரிடியம் என்ற பெயர் கொஞ்ச நாள் அடிபட்டது. அது ஓர் அயனி என்றார் ஒருவர். இல்லை, அது ஏதோ கதிரியக்க ரசாயனம் என்றார் இன்னொருவர். வீட்டில் மாட்டியிருக்கும் தண்ணீர் வடிகட்டியே அதைப் பிடித்துவிடும் என்று ஒரு அண்ணன் அடித்துச் சொன்னார். அடுத்த வருஷம் ஜூலையில் சிங்கப்பூர் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டதும், அணு உலைகளில் எரிபொருளாகும் யுரேனியம் 235 பேச்சுக்கு வந்தது. இதற்கு நடுவே கடைகளில் 'அயனி' என்று போட்டு விற்கிற தண்ணீர்க் கருவிகளும் கைவளையல்களும் வேறு.

அணு, அயனி, ஐசோடோப்பு என்ற மூன்று சொற்களும் இப்படிப் போட்டுக் குழப்பப்படுவதால், அவை மூன்று வகைப் பொருள்கள் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உயர்நிலை மூன்றில் வேதியியல் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். "இது அயனியா, ஐசோடோப்பா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. ஒரே துகள் இரண்டாகவும் இருக்கலாம். ஏன் என்று புரிந்துகொள்ள மூன்று எண்களை எண்ணத் தெரிந்தால் போதும். கணக்கெல்லாம் தொடக்கப்பள்ளிக் கூட்டல் கழித்தல்தான்.

147 வரும்போது எதைப் பார்க்கிறோம்

சிராங்கூன் ரோட்டில் பேருந்துக்காக நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. கண் முதலில் போவது அதன் நெற்றியில் எரியும் எண்ணுக்குத்தான். 147 என்றால் 147. ஒற்றைத் தளமாக வந்தாலும் ஈரடுக்காக வந்தாலும் அதே 147தான். கூட்டம் பிதுங்கினாலும் காலியாக வந்தாலும் 147தான். ஈரடுக்கு வந்துவிட்டதே, இது வேறு பஸ்ஸோ என்று யாரும் ஏறாமல் நிற்பதில்லை.

அணுவையும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும். முகப்பில் இருக்கும் எண் புரோட்டான். ஒற்றைத் தளமா ஈரடுக்கா என்பது நியூட்ரான். ஏறி இறங்கும் பயணிகள் எலக்ட்ரான். பயணிகள் மாறினால் பஸ்ஸின் நிலைமை மாறும், எண் மாறாது. எடை கூடினாலும் எண் மாறாது. எண் மாறினால் மட்டும் அது வேறு பஸ்.

இந்த ஒப்புமை இதோடு போதும். உண்மையான அணுவில் எலக்ட்ரானுக்கு எடை என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றுமில்லை. ஆனால் மின்னூட்டம் உண்டு. இனி நேராக அணுவுக்குள் போகலாம்.

உள்ளே இருக்கும் மூன்று

அணுவின் நடுவில் அணுக்கரு என்ற மிகச் சிறிய, மிகக் கனமான பகுதி இருக்கிறது. அதற்குள் இரண்டு வகைத் துகள்கள்: நேர் மின்னூட்டம் உள்ள புரோட்டான், மின்னூட்டமே இல்லாத நியூட்ரான். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறை. அணுக்கருவுக்கு வெளியே எதிர் மின்னூட்டம் உள்ள எலக்ட்ரான்கள். ஓர் எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் சுமார் 1,836இல் ஒரு பங்குதான். அதனால் நிறையைக் கணக்கிடும்போது எலக்ட்ரானை விட்டுவிடுவோம். மின்னூட்டத்தைக் கணக்கிடும்போது மட்டும் விடவே கூடாது. ஒரு புரோட்டானின் நேர் மின்னூட்டமும் ஓர் எலக்ட்ரானின் எதிர் மின்னூட்டமும் அளவில் ஒன்றுக்கொன்று சரிசமம்.

எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் 1897இல் கண்டார். அணுக்கரு இருப்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு சொன்னார். நியூட்ரான் மட்டும் 1932 வரை யாருக்கும் பிடிபடவில்லை. மின்னூட்டம் இல்லாததை மின்புலத்தால் வளைத்துப் பார்க்க முடியாது. அதைக் கண்டவர் ஜேம்ஸ் சாட்விக்.

இதில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் நடப்பது, துரு பிடிப்பது, உப்பு கரைவது, சாப்பாடு செரிப்பது எல்லாம் எலக்ட்ரான்களின் மட்டத்தில் நடப்பவைதான். அணுக்கருவை இவை எதுவும் தொடுவதில்லை. அணுக்கருவில் ஒரு மாற்றம் நடக்கும்போது கைமாறும் ஆற்றல், வேதிவினை ஒன்றில் ஓர் அணுவுக்குக் கைமாறும் ஆற்றலைவிடப் பெரும்பாலும் ஒரு மில்லியன் மடங்கு அளவுக்குப் பெரியது. எண்ணெயை எவ்வளவு காய்ச்சினாலும் கார்பன் நைட்ரஜனாக மாறாது.

பெயர் வைப்பது புரோட்டான்

புரோட்டான்களின் எண்ணிக்கைக்கு அணு எண் என்று பெயர். இங்குள்ள பாடத்தில் புரோட்டான் எண் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. 11 புரோட்டான் இருந்தால் சோடியம். 17 இருந்தால் குளோரின். 92 இருந்தால் யுரேனியம். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இந்த எண்ணுக்கு இந்த மதிப்பு சும்மா வந்துவிடவில்லை. முன்பு தனிமங்களை அணுவின் எடையை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். அதில் சில இடங்கள் இடித்தன. கோபால்ட்டின் சராசரி நிறை 58.93, நிக்கலுடையது 58.69. எடைப்படி நிக்கல்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் குணத்தைப் பார்த்தால் கோபால்ட்தான் முன்னால் பொருந்துகிறது. 1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வொரு தனிமத்தையும் எக்ஸ் கதிர் வீச வைத்து, அந்தக் கதிர்களை அளந்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஏதோ ஒரு முழு எண் ஒவ்வொன்றாகக் கூடுவது தெரிந்தது. கோபால்ட் 27, நிக்கல் 28. எடை சொன்ன வரிசை தவறு, அணு எண் சொன்ன வரிசைதான் சரி. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போரில் இறந்தார். அப்போது அவருக்கு 27 வயதுதான். அவர் தொட்ட விஷயத்தின் மேல்தான் இன்றைய தனிம அட்டவணை முழுவதும் நிற்கிறது.

எடையை மாற்றுவது நியூட்ரான்

புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வருவது நிறை எண். ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாவற்றிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றுதான்; நியூட்ரான் எண்ணிக்கை அப்படி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நியூட்ரானில் மட்டும் வேறுபடும் இந்த வடிவங்கள்தான் ஐசோடோப்புகள். ஃபிரெடரிக் சோடி 1913இல் இந்தக் கருத்தைச் சொன்னார்.

குளோரினை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் கிடைக்கும் 100 குளோரின் அணுக்களில் ஏறக்குறைய 76இல் 18 நியூட்ரான். நிறை எண் 35. மீதி 24இல் 20 நியூட்ரான். நிறை எண் 37. பிள்ளைகள் அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று பார்த்துவிட்டு, அதில் 17ஐக் கழித்து, 18.5 நியூட்ரான் என்று எழுதிவிடுகிறார்கள். அரை நியூட்ரான் எங்கும் கிடையாது. அந்த 35.5 ஒரு சராசரி. 76ஐ 35ஆல் பெருக்கினால் 2,660, 24ஐ 37ஆல் பெருக்கினால் 888, கூட்டினால் 3,548, நூறால் வகுத்தால் 35.48. எந்தத் தனி அணுவுக்கும் அந்த எடை இல்லை. நியூட்ரானைக் கணக்கிட வேண்டுமென்றால் நிறை எண்ணை எடுங்கள், சராசரியைத் தொடாதீர்கள்.

ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம் என்ற பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கதிரியக்கம் என்பது நிலையில்லாத அணுக்கரு தானாகவே மாறி, துகளையோ ஆற்றலையோ வெளியே வீசுவது. மேலே சொன்ன இரண்டு குளோரின் ஐசோடோப்புகளும் நிலையானவை, எதையும் வீசாதவை. நீங்கள் இன்று காலை இட்லிக்குத் தொட்ட சட்னியில் இரண்டுமே இருந்தன. சில ஐசோடோப்புகள் கதிரியக்கம் உள்ளவை, சில இல்லாதவை. அவ்வளவுதான்.

மின்னூட்டத்தை மாற்றுவது எலக்ட்ரான்

புரோட்டானும் எலக்ட்ரானும் எண்ணிக்கையில் சமமாக இருந்தால் மின்னூட்டம் பூஜ்யம். கண்டிப்பான பொருளில் அதைத்தான் அணு என்கிறோம். சமம் குலைந்தால் அது அயனி. சோடியத்தில் 11 புரோட்டான். உப்பில் இருக்கும் சோடியத்துக்கு 10 எலக்ட்ரான்தான். ஒன்றைக் குளோரின் பக்கம் விட்டுவிட்டது. 11இல் 10 போனால் மீதி 1, ஆக மின்னூட்டம் +1. குளோரினிடம் 17 புரோட்டான், வந்ததோடு சேர்த்து 18 எலக்ட்ரான், ஆக −1.

பாதிப் பேர் வழுக்கும் இடம் இந்தக் குறிதான். கூட்டல் குறியைப் பார்த்ததும் எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் எலக்ட்ரான் போனதால்தான் கூட்டல் குறி வருகிறது, ஏனென்றால் எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம் உள்ளது. குறியை மனப்பாடம் செய்ய வேண்டாம். புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழியுங்கள், குறி தானாக வந்துவிடும். 13 புரோட்டானும் 10 எலக்ட்ரானும் இருந்தால் +3. அது அலுமினிய அயனி. சாதாரண வேதிவினையில் அணுக்கருவுக்குள் புரோட்டான் வருவதோ போவதோ இல்லை என்பதால், ஓர் அணு அயனியாவது எப்போதுமே எலக்ட்ரானால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: புரோட்டானை எண்ணினால் தனிமத்தின் பெயர். புரோட்டானோடு நியூட்ரானைக் கூட்டினால் நிறை எண், அதாவது எந்த ஐசோடோப்பு என்பது. புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழித்தால் மின்னூட்டம், அதாவது அயனியா இல்லையா என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத தனித்தனிக் கேள்விகள்.

நான்கு துகள்கள், ஒரு புதிர்

பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் தருகிறேன்.

முதல் துகள்: 17 புரோட்டான், 18 நியூட்ரான், 18 எலக்ட்ரான்.
இரண்டாவது: 18 புரோட்டான், 22 நியூட்ரான், 18 எலக்ட்ரான்.
மூன்றாவது: 19 புரோட்டான், 21 நியூட்ரான், 18 எலக்ட்ரான்.
நான்காவது: 20 புரோட்டான், 20 நியூட்ரான், 18 எலக்ட்ரான்.

எலக்ட்ரானை முதலில் பார்த்தால் நான்கும் ஒன்று போலத் தோன்றும். நிறை எண்ணை முதலில் பார்த்தால் பின்னால் இருக்கும் மூன்றும் 40. இரண்டு வழியும் ஏமாற்றும். புரோட்டானிலிருந்து தொடங்கினால் எல்லாம் தெளிவாகிவிடும். முதல் துகள் குளோரின் 35, மின்னூட்டம் −1. துவாஸ் கடல்நீரில் நிறைய இருக்கிறது. இரண்டாவது ஆர்கான் 40, மின்னூட்டம் இல்லை. இந்த நிமிஷம் நீங்கள் இழுத்த மூச்சிலும் இருந்தது, காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஆர்கான். மூன்றாவது பொட்டாசியம் 40, மின்னூட்டம் +1. எந்த வாழைப்பழத்திலும் கொஞ்சம் இருக்கும். நான்காவது கால்சியம் 40, மின்னூட்டம் +2. நாசி லெமாக்கில் மொறுமொறுவென்று கடிக்கிற இக்கான் பிலிஸின் முள்ளில் இருப்பது.

மூன்றாவது துகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பொட்டாசியம் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று போலத்தான் இந்த 40 வகை. இது நிலையில்லாதது. இப்போது இருப்பதில் பாதி மாறி முடிய ஆகும் காலத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். பொட்டாசியம் 40க்கு அது சுமார் 125 கோடி ஆண்டு. மாறும்போது நூற்றுக்கு 89 முறை என்ன நடக்கிறது தெரியுமா? கருவில் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அப்போது புதிதாக ஓர் எலக்ட்ரான் பிறந்து, வேகமாக வெளியே பறந்துவிடுகிறது. கணக்கைப் போடுங்கள். 19 புரோட்டான் 20 ஆனது. 21 நியூட்ரான் 20 ஆனது. வெளியே சுற்றிக்கொண்டிருந்த 18 எலக்ட்ரான் அப்படியே இருக்கிறது. மூன்றாவது துகள் நான்காவது துகளாகவே ஆகிவிட்டது! நிறை எண் மாறவில்லை, எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை; புரோட்டான் ஒன்று கூடியதற்கே பொட்டாசியம் கால்சியமாகிவிட்டது. மீதி 11 முறை அது ஆர்கான் 40 ஆகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள ஆர்கானில் மிகப் பெரும்பகுதி, பாறைகளில் இருந்த பொட்டாசியம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இப்படி மாறி வந்ததுதான். எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த கணக்கு இது.

ஒன்றே இரண்டுமாக

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யும் சிலருக்கு மருத்துவர்கள் அயோடின் 131 கொடுப்பது உண்டு. அது உடலில் 53 புரோட்டான், 78 நியூட்ரான், 54 எலக்ட்ரானோடு சுற்றுகிறது. நிறை எண் 131 என்பதால் அயோடினின் ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பு. மின்னூட்டம் −1 என்பதால் ஓர் அயனி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அயோடின் கலந்த உப்பிலிருந்து வரும் சாதாரண அயோடினுக்கு 74 நியூட்ரான், நிறை எண் 127. புரோட்டானும் எலக்ட்ரானும் அச்சாக அதேதான். தைராய்டுச் சுரப்பிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரத்தத்திலிருந்து இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக்கொள்கிறது. சிகிச்சை வேலை செய்வதே இதனால்தான். உள்ளே போன பிறகு, சுமார் 8 நாள் அரை ஆயுளுள்ள அயோடின் 131 கதிரை வீசி, கூடுதலாக வேலை செய்யும் செல்களை அங்கேயே அடக்குகிறது. தைராய்டுக்குள் அது போய்ச் சேரக் காரணம் எலக்ட்ரான். அங்கே போய் அது செய்யும் வேலைக்குக் காரணம் அணுக்கரு.

யுரேனியத்திலும் இதே கதை. 235க்கு 143 நியூட்ரான், 238க்கு 146. இரண்டும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. இயற்கை யுரேனியத்தில் 0.7 விழுக்காடு மட்டுமே இருக்கும் 235ஐச் செறிவாக்க, அந்த மூன்று நியூட்ரான் எடை வித்தியாசத்தை நம்பி, வாயுவாக்கிச் சுழற்றிச் சுழற்றிப் பிரிக்கிறார்கள்.

வடிகட்டியில் மாட்டுவது எது

அண்ணனின் வடிகட்டிக்கு வருவோம். கடல்நீரைக் குடிநீராக்குவதில் சிங்கப்பூருக்கு நல்ல அனுபவம் உண்டு. துவாசில் முதல் ஆலை 2005இல் திறந்தது. கடல்நீரை அதிக அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுவார்கள். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர் தயாரிப்பிலும் இந்தக் கட்டம் உண்டு. சோடியம், குளோரைடு அயனிகள் பெரும்பாலும் சவ்வுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன, தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது. அயனிகளைத் தண்ணீரிலிருந்து பிரிக்க இன்னும் பல வழிகள் இருக்கின்றன, ஏனென்றால் அவற்றுக்கு மின்னூட்டம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து வேறுபட்டு நடந்துகொள்கின்றன.

ஃபுகுஷிமா நீரில் இருந்த சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 ஆகியவை கதிரியக்க ஐசோடோப்புகள். தண்ணீரில் அவை அயனிகளாகக் கரைந்திருந்தன. சீசியத்துக்கு +1, ஸ்ட்ரான்சியத்துக்கு +2. அதனால் அவற்றைப் பிடித்து நீக்க முடிந்தது. டிரிடியம் அப்படி அல்ல. அது ஹைட்ரஜனின் ஐசோடோப்பு: 1 புரோட்டான், 2 நியூட்ரான். சாதாரண ஹைட்ரஜனுக்கு நியூட்ரானே இல்லை. அந்த நீரில் டிரிடியம் கரைந்து கிடக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறிலேயே ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அதாவது அதுவே தண்ணீர். தண்ணீரைப் போக விடும் வடிகட்டி அதையும் போக விடும். வீட்டு வடிகட்டி மட்டுமல்ல, புதுநீர்ச் சவ்வும் அதைத் தடுத்து நிறுத்தாது. அதனால்தான் ஜப்பான் அதைக் கடல்நீரோடு கலந்து நீர்க்கச் செய்து வெளியேற்றுகிறது. டிரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. அது வீசும் எலக்ட்ரான் மிகவும் பலவீனமானது. தோலின் மேலடுக்கைக்கூடத் தாண்டாது. உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

'எதிர் அயனி' பதக்கம்

அயனியும் ஐசோடோப்பும் குழம்பினால் உடம்புக்கே கேடு வரும் இடம் ஒன்று உண்டு. எதிர் அயனியை வெளியிட்டு உடலுக்கு நல்லது செய்யும் என்று சொல்லிப் பதக்கம், வளையல், தூங்கும்போது கண்ணில் போடும் மறைப்பு எல்லாம் இணையத்தில் விற்கிறார்கள். மின்கலமே இல்லாத ஒரு பதக்கம் ஓயாமல் காற்றை அயனியாக்க வேண்டுமென்றால், ஆற்றல் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றில் தோரியமோ யுரேனியமோ கலந்த கனிமத்தூள் இருந்தது. அந்தக் கதிரியக்க ஐசோடோப்புகள் வீசும் கதிர், பக்கத்தில் இருக்கும் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அயனிகள் உண்டாகின்றன. விற்பவர் கையில் இருக்கும் அயனி மீட்டரும் ஏறுகிறது. மீட்டர் காட்டுவது உண்மைதான், ஆனால் அது காட்டுவது பதக்கத்தின் கதிரியக்கத்தை. காற்று மூலக்கூறின் எலக்ட்ரானைத் தட்டிவிடும் அதே கதிர், நாள் முழுக்கப் பதக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலின் மூலக்கூறுகளிலும் அதையே செய்யும்.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்துப் பெயர் சொல்லி எச்சரித்தது. அவற்றில் ஒன்று பிள்ளைகளுக்கான வளையல். வைத்திருப்பவர்கள் இனி அணிய வேண்டாம், பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள் என்றது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், உடைக்கவோ உரசிப் பார்க்கவோ வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, இங்கே கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் என்ன செய்வது என்று கேளுங்கள்.